சங்கிலியின் கடைசிக் கண்ணி

2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. தூத்துக்குடி மாவட்டத்தில் அன்று பெய்தது வரலாறு காணாத மழை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாகியிருந்தது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துச் சென்றுவிட்டது, சாலைகளும் துண்டிக்கப்பட்டன. ரயிலில் இருந்த ஏறத்தாழ 800 பயணிகளில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கு மாற்றப்பட்டனர். எஞ்சியோர் 19-ஆம் தேதி மீட்கப்படும் வரை அங்கேயே இருக்க நேர்ந்தது. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்து சேர்வதற்கு முன்பே அவர்களின் பசியாற்றியவர்கள், அருகிலுள்ள புதுக்குடி கிராமத்து மக்கள். தங்கள் ஊரே வெள்ளத்தில் தத்தளித்த நேரத்தில், கையிலிருந்ததைக் கொண்டு சமைத்து, முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோருக்கு அவர்கள் சோறிட்டார்கள்.

இதனை மனிதநேயச் செய்தியாகவே நாம் படித்தோம். அது முற்றிலும் சரி. ஆனால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வேறொரு கேள்வியும் எழுகிறது. மாவட்டந்தோறும் கிடங்குகளும், நியாயவிலைக் கடைகளும், வாகனங்களும், அதிகாரமும் கொண்ட ஓர் அரசால் உடனே எட்ட முடியாத இடத்தை ஒரு சிற்றூரால் எப்படி எட்ட முடிந்தது? 'பக்கத்தில் இருந்தார்கள், அதனால் முடிந்தது' என்பது பாதி விடைதான். மீதி விடை, விநியோகச் சங்கிலி என்று நாம் அழைக்கும் அமைப்பு எப்படி இயங்குகிறது, எங்கே அறுகிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

மூன்று ஓட்டங்கள்

விநியோகச் சங்கிலி என்றதும் லாரிகளும் கிடங்குகளுமே நம் நினைவுக்கு வரும். உண்மையில் அது மூன்று ஓட்டங்களின் பின்னல். பொருள் உற்பத்தியாளரிடமிருந்து நுகர்வோரை நோக்கி ஓடுகிறது. பணம் அதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. எங்கே, யாருக்கு, எது, எவ்வளவு தேவை என்ற தகவல் இரு திசைகளிலும் ஓடுகிறது. வழக்கமான நாள்களில் இந்த மூன்றாவது ஓட்டம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விலையே அந்தத் தகவலைச் சுமந்து செல்கிறது. ஓரிடத்தில் தக்காளி விலை ஏறினால், யாரும் கடிதம் எழுதாமலேயே அந்தத் திசையை நோக்கி லாரிகள் திரும்புகின்றன. சமூகத்தில் சிதறிக் கிடக்கும் அறிவை விலை என்னும் ஏற்பாடு எவ்வாறு ஒன்றுசேர்க்கிறது என்பதை 1945-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பிரெடரிக் ஹாயக் விளக்கினார். குறிப்பிட்ட இடத்தையும் காலத்தையும் சார்ந்த அறிவு எந்தத் தலைமையகத்திலும் முழுமையாகத் திரளாது என்பது அவருடைய வாதம்.

பேரிடரில் முதலில் அறுவது இந்தத் தகவல் ஓட்டம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் கைப்பேசிச் சேவை முடங்கியது. பணம் வழங்கும் இயந்திரங்கள் செயலிழந்தன. பால் பாக்கெட்டுகள் பல மடங்கு விலைக்கு விற்றன. பாடநூல்படி பார்த்தால், விலை ஏறிய இடத்துக்குப் பால் விரைந்திருக்க வேண்டும். பாதை இல்லாததால் அது விரையவில்லை. இன்னொரு புறம், கழுத்தளவு நீரில் மொட்டை மாடியில் சிக்கியிருந்த குடும்பத்தின் தேவை எந்த விலையிலும் பதிவாகவில்லை. கையில் பணமில்லாதவரின் பசி, சந்தைக்குக் கேட்காத குரல்.

அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட வறுமை, பஞ்சம் பற்றிய நூலில் நிறுவிய உண்மையும் இதனோடு தொடர்புடையது. உணவு இல்லாததால் மட்டும் பஞ்சம் வருவதில்லை; இருக்கும் உணவைப் பெறும் வழி மக்களுக்கு அடைபடும்போதும் வருகிறது. 1943 வங்கப் பஞ்சத்துக்கு முந்தைய ஆண்டில், ஜப்பானியப் படையின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று கருதி, வங்கத்தின் கரையோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றிச் செல்லக்கூடிய படகுகளை பிரிட்டிஷ் அரசு அப்புறப்படுத்தியது. ஆறுகளும் ஓடைகளுமே சாலைகளாக இருந்த நிலத்தில் படகுதான் நெல்லை ஊருக்கும், மீனைச் சந்தைக்கும் கொண்டு சேர்த்தது. பஞ்சத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. ஆயினும், உள்ளூர்ச் சங்கிலியைத் தொலைவிலிருந்து ஒரே உத்தரவால் அறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் படகுகள் இன்றும் சாட்சி.

நாகப்பட்டினம் கற்பித்தது

2004 டிசம்பர் 26 சுனாமியில், தமிழகத்திலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கு 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த சில நாள்களில் நாடெங்கிலுமிருந்து நிவாரணப் பொருள்கள் குவிந்தன. அவற்றில் பெரும்பங்கு பழைய துணிகள். எடுப்பாரின்றி அவை சாலையோரங்களில் மலைபோல் கிடந்த காட்சியை அன்றைய நாளிதழ்களைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அனுப்பியவர்களின் நல்லெண்ணத்தில் குறையில்லை. பாய், சமையல் பாத்திரம், உள்ளாடை, சானிடரி நாப்கின், மண்ணெண்ணெய் அடுப்பு ஆகியவை தேவைப்பட்ட இடத்துக்குக் கிழிந்த சட்டைகள் வந்தன என்பதே குறை. பொருள் ஓடியது, தகவல் ஓடவில்லை. வேண்டாத பொருள் வந்து குவிவது வெறும் வீண் அல்ல. அது லாரியையும், சாலையையும், கிடங்கையும், ஆட்களின் நேரத்தையும் பிடித்துக்கொண்டு, வேண்டிய பொருளின் வழியை மறிக்கிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க உதவியது ஓர் எளிய ஏற்பாடு. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிநேகா உள்ளிட்ட, அந்தக் கரையோரத்தில் ஏற்கெனவே பணியாற்றிவந்த அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்துடன் கைகோத்துத் தன்னார்வ அமைப்புகளுக்கான ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை உருவாக்கின. எந்த ஊரில் யார் பணியாற்றுகிறார்கள், அங்கே என்ன தேவை, எது ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது என்ற விவரங்கள் அங்கே திரட்டப்பட்டன. புதிதாக உதவ வருவோர் எங்கே செல்ல வேண்டும் என்று வழிகாட்டப்பட்டது. அந்த மையத்தின் மூலதனம் பெரும் பணமன்று. மீனவ ஊர்களின் பெயர்களையும், அங்குள்ள மனிதர்களையும், கடலுக்குப் போகும் முறைகளையும் பல்லாண்டு அறிந்திருந்த அறிவுதான்.

அந்த அறிவைக் கேளாத இடங்களில் நடந்ததும் பாடமே. கொடையாளர்கள் பலர் போட்டி போட்டுக்கொண்டு கண்ணாடியிழைப் படகுகளை வழங்கினர். கடற்கரையின் பல பகுதிகளில் படகுகளின் எண்ணிக்கை சுனாமிக்கு முன்பிருந்ததையே விஞ்சியது. அதே நேரத்தில், மீனைத் தலைச்சுமையாக விற்ற பெண்களும், உப்பளத் தொழிலாளர்களும், விவசாயக் கூலிகளும் தங்கள் இழப்பைப் பட்டியலில் ஏற்றவே போராட வேண்டியிருந்தது. படகு புகைப்படத்தில் நன்றாகத் தெரியும், மீன்கூடை தெரியாது.

தையல் இயந்திரத்தின் வலிமை

கரோனா பெருந்தொற்று, சங்கிலியின் மற்றொரு பலவீனத்தை அம்பலப்படுத்தியது. 2020 மார்ச் 24 இரவு அறிவிக்கப்பட்டு, மறுநாள் முதல் நாடு முழுவதும் பொது முடக்கம் நடைமுறைக்கு வந்தது. அத்தியாவசியப் பொருள்களுக்கு விலக்கு இருந்தபோதும், எது அத்தியாவசியம் என்பதில் சோதனைச் சாவடிக்குச் சாவடி விளக்கம் மாறியது. லாரிகள் மாநில எல்லைகளில் தேங்கின. சோப்பு அத்தியாவசியம் என்றால் அதைச் சுற்றும் காகிதமும், அடுக்கும் அட்டைப்பெட்டியும் அத்தியாவசியமா? லாரி ஓட்டுநருக்குச் சோறு போடும் சாலையோர உணவகம் அத்தியாவசியமா? விநியோகச் சங்கிலியில் இப்படிப் பிரித்துக் கோடு கிழிக்க முடியாது என்பது ஐந்தே நாள்களில் புரிந்தது. அத்தியாவசியம், அத்தியாவசியமற்றது என்ற வேறுபாடின்றி எல்லாச் சரக்குப் போக்குவரத்தையும் அனுமதிக்குமாறு மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை, மாநிலங்களுக்கு எழுதியது.

சென்னைக்கோ வேறொரு சோதனை காத்திருந்தது. நகரின் காய்கறி, பழம், பூ வணிகத்தின் இதயமான கோயம்பேடு சந்தை, தொற்றுப் பரவலின் மையமாகி, மே 5 அன்று மூடப்பட்டது. திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கப்பட்டது. ஒரே பெரும் சந்தையை நம்பியிருப்பது வழக்கமான காலத்தில் சிக்கனம். நெருக்கடியில் அதுவே ஆபத்து. அந்த வாரங்களில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், விவசாயிகளின் சிறு குழுக்களும் வண்டிகளில் காய்கறியை ஏற்றிக்கொண்டு தெருக்களுக்கே வந்ததை நகரவாசிகள் கண்டனர். அவர்களால் கோயம்பேட்டுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் பெருவாய்க்கால் அடைபட்டபோது நீர் கசிந்து ஓடச் சிறு கால்வாய்கள் இருந்தன.

அதே காலத்தில் முகக்கவசத்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. தொழிற்சாலைகள் மூடியிருந்தன, இறக்குமதி நின்றுபோயிருந்தது. அப்போது தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். முடக்கம் தொடங்கி மூன்று வாரங்களுக்குள், 27 மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 20,000 குழுக்கள் 1.9 கோடிக்கும் மேற்பட்ட முகக்கவசங்களைத் தைத்திருந்தன என்று உலக வங்கி பதிவு செய்தது. கேரளத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை உறுப்பினர்களாகக் கொண்ட குடும்பஸ்ரீ, உள்ளாட்சி அமைப்புகளோடு இணைந்து சில நாள்களிலேயே நூற்றுக்கணக்கில் சமூகச் சமையற்கூடங்களை இயக்கியது. சென்னையின் அம்மா உணவகங்களில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர்களும் சுய உதவிக் குழுப் பெண்களே.

இவையெல்லாம் திடீரென்று முளைத்த தியாகம் அன்று. தமிழகத்தில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுய உதவிக் குழு இயக்கத்துக்கு அப்போது முப்பது வயது. இன்று தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 90 லட்சத்துக்கும் அதிகமான குழுக்களில் 10 கோடிப் பெண்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவிடமும் ஒரு வங்கிக் கணக்கு, ஒரு தீர்மானப் புத்தகம், முறைப்படி நடக்கும் கூட்டம், கடனை வாங்கித் திருப்பிய வரலாறு ஆகியவை உண்டு. எந்த வீட்டில் தனித்து வாழும் முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். முன்பணம் கொடுத்தால் கணக்குக் காட்டுவார்கள் என்பது வங்கிக்குத் தெரியும். முன்பு குறிப்பிட்ட மூன்று ஓட்டங்களும் சிறிய அளவில் அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. நெருக்கடி வந்தபோது அவற்றின் வழியாக ஓடிய பொருள் மட்டுமே மாறியது. பேரிடரின்போது நம்பிக்கையைப் புதிதாக உற்பத்தி செய்ய முடியாது. சேமித்து வைத்திருந்ததைச் செலவழிக்கத்தான் முடியும்.

போற்றுதலுக்கு அப்பால்

இவ்வளவு சொன்னதால், சமூகக் குழுக்கள் இருக்க அரசு எதற்கு என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. புதுக்குடி மக்களால் ஒரு ரயிலுக்குச் சோறு போட முடிந்தது. உடைந்த தண்டவாளத்தைச் சீரமைக்கவோ, மாவட்டம் முழுவதற்கும் குடிநீர் வழங்கவோ அவர்களால் இயலாது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, வயல்வெளிகளில் கம்பங்களைத் தோளில் சுமந்து உதவியவர்கள் உள்ளூர் இளைஞர்கள். ஆனால் அந்தக் கம்பங்களும், மின்மாற்றிகளும், பிற மாவட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான மின்வாரியப் பணியாளர்களும் அரசின் ஏற்பாடு. அளவு அரசிடம் இருக்கிறது. நுணுக்கம் சமூகத்திடம் இருக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

சமூகம் என்ற சொல்லையே சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பேரிடர் மீட்சியில் சமூக மூலதனத்தின் பங்கை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச், 2012-இல் வெளியிட்ட நூலில், 1923 டோக்கியோ, 1995 கோபே நிலநடுக்கங்களோடு சுனாமிக்குப் பிந்தைய தமிழகக் கடற்கரையையும் எடுத்துக்கொண்டார். வலுவான ஊர்ப் பஞ்சாயத்தும் வெளித்தொடர்பும் கொண்ட ஊர்கள் உதவியை விரைவாகவும் நிறைவாகவும் பெற்றன என்று கண்ட அவர், அதே பஞ்சாயத்துகள் தலித்துகளையும், பெண்களையும், பிற சிறுபான்மையினரையும் ஒதுக்கிவைத்ததையும் மறைக்காமல் எழுதினார். ஒற்றுமை எவ்வளவு இறுக்கமோ, வேலியும் அவ்வளவு உயரமாக இருக்கலாம். ஊரின் வழியாக நிவாரணம் செல்லும்போது, ஊர் என்பதில் சேரியும் அடக்கமா என்ற கேள்வியை யாராவது கேட்டே ஆக வேண்டும். அதைக் கேட்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு.

மற்றோர் ஆபத்து, பாராட்டில் ஒளிந்திருக்கிறது. கேரளத்தில் 20 ரூபாய்க்கு மதிய உணவு வழங்கிய ஜனகீய உணவகங்களைக் குடும்பஸ்ரீ பெண்கள் நடத்தினர். ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாயை மாநில அரசு மானியமாகத் தந்துவந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நாடே வியந்த திட்டம் அது. பின்னர் மானியத் தொகை நிலுவையில் விழுந்தது. அதைக் கேட்டு அந்தப் பெண்கள் வீதியில் இறங்கிப் போராடினர். 2023 ஆகஸ்ட் முதல் மானியமே நிறுத்தப்பட்டு, சாப்பாட்டின் விலை 30 ரூபாயானது. அரிசிக்கும் காய்கறிக்கும் கடன் வாங்கிச் சமைத்தவர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பெருநிறுவனம் நிலுவைத் தொகைக்காக ஓராண்டு காத்திருக்கும். சுய உதவிக் குழுவால் ஒரு மாதம்கூடக் காத்திருக்க முடியாது. அவர்களைத் 'தாய்மையின் வடிவம்' என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, பட்டியல் தொகையைத் தாமதப்படுத்தினால், அடுத்த நெருக்கடியில் அந்த அடுப்பு எரியாது. கணக்கில் வராத உழைப்பாகப் பெண்களின் உழைப்பைக் கருதும் நம் பழைய வழக்கத்தின் நீட்சியே இது.

செய்யக்கூடியவை

2005-இல் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசிய, மாநில, மாவட்ட அளவில் ஆணையங்களை ஏற்படுத்தியது. தன்னார்வலர்களுக்கு மீட்புப் பயிற்சி அளிக்கும் 'ஆப்தமித்ரா' திட்டமும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதன் பயிற்சி, பெரும்பாலும் உயிர்களை மீட்பதையும் முதலுதவியையும் பற்றியது. உயிர் பிழைத்தவருக்கு மறுநாள் காலையில் குடிநீரும், அரிசியும், நீரிழிவு மாத்திரையும் எப்படிக் கிடைக்கும் என்பதற்கான பயிற்சி பெற்றவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. அந்த இடைவெளியை நிரப்பப் பெரும் செலவு தேவையில்லை. நான்கு செயல்கள் போதும்.

முதலாவதாக, ஒவ்வோர் ஊராட்சியிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு விநியோகப் பட்டியலை மகளிர் குழுக் கூட்டமைப்பின் மூலம் தயாரிக்க வேண்டும். அரிசி இருப்பு வைத்திருக்கும் கடைகள், அரிசி ஆலைகள், பெரிய பாத்திரங்கள் உள்ள திருமண மண்டபங்களும் சமையற்காரர்களும், டிராக்டர், படகு, மின்னாக்கி வைத்திருப்போர் அதில் இடம்பெற வேண்டும். இன்சுலின் போடுபவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோரின் விவரங்களை ஊர்ச் செவிலியர் தனியே பாதுகாத்து வைத்திருக்கலாம்.

இரண்டாவதாக, விலையையும் கொள்முதலையும் முன்கூட்டியே ஒப்பந்தமாக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு ஒப்பந்தப்புள்ளி கோருவதில் பொருளில்லை. பேரிடர் அறிவிக்கப்பட்ட நாளில், ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு என்ற விகிதத்தில் குழு உடனே சமைக்கத் தொடங்கலாம் என்ற நிலை இருக்க வேண்டும். இதற்கென ஒரு சுழல்நிதி கூட்டமைப்பின் கணக்கில் முன்பே இருந்தால், நிலுவை என்ற பேச்சுக்கே இடமிராது.

மூன்றாவதாக, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் சமூக அமைப்புகளுக்கு ஓர் இருக்கை வேண்டும். நாகப்பட்டினத்தில் பேரிடருக்குப் பின் உருவானது, எல்லா மாவட்டங்களிலும் பேரிடருக்கு முன்பே இருக்க வேண்டும். நெடுஞ்சாலையோர ஊர்களில் நிவாரண வண்டிகள் வரிசைகட்டி நிற்க, உள்ளொதுங்கிய ஊர்களுக்கு ஒன்றும் போய்ச் சேராத கஜா காலத்து அவலம் மீண்டும் நிகழாமல் தடுக்க வேறு வழியில்லை.

நான்காவதாக, விடுபட்டவர்கள் யார் என்பதை ஆராயும் ஒரு தணிக்கை வேண்டும். பட்டியலில் இருப்பவர்களைச் சரிபார்ப்பதே இன்றைய நடைமுறை. பட்டியலில் இல்லாதவர்களைத் தேடிச் செல்லும் நடைமுறை தேவை. குடும்ப அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்கள், ஊர்க்கோடியில் வாழும் இருளர் குடும்பங்கள், நடைபாதைவாசிகள் ஆகியோர் எந்தக் குழுவிலும் உறுப்பினராக இருப்பது அரிது.

கையிருப்பைக் குறைத்து, செலவைச் சுருக்கி, எல்லாவற்றையும் ஒரே மையத்தின் வழியே செலுத்துவதே திறன் என்று பல ஆண்டுகளாக மேலாண்மைப் பாடங்கள் சொல்லிவந்திருக்கின்றன. அமைதியான காலத்துக்கு அது பொருந்தலாம். ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒரு மாநிலத்துக்கு, சற்றே கூடுதலான கையிருப்பும், ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளும் ஊதாரித்தனம் ஆகா, காப்பீடே ஆகும். அந்தக் காப்பீட்டுக்கான தவணையின் பெரும்பகுதியைச் சுய உதவிக் குழுக்களும், மீனவர் சங்கங்களும், உழவர் குழுக்களும் தங்கள் வாராந்திரக் கூட்டங்களில் சத்தமின்றிச் செலுத்திவருகின்றன. எஞ்சிய சிறு பகுதியை, மழை தொடங்குவதற்கு முன்பே அரசு செலுத்த வேண்டும்.